வெள்ளிக்காரனின் கால் கட்டைவிரல்

மதினீ!

இப்படிக் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். உங்களுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அதை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது மட்டும் என்ன புதிதாக? கடைக்குச் சீலை எடுக்க வருகிறவர்களில் யாராவது பக்கத்தில் நிற்பவரை "மதினி" என்று கூப்பிட்டால், மடித்துக்கொண்டிருக்கும் சீலையோடு என் கை அப்படியே நின்றுவிடுகிறது. முதலாளி இரண்டு தடவை கேட்டுவிட்டார், "என்ன பிள்ளை, கனவா?" என்று.

மதினியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பசறைப் பக்கம் மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். என் ஒரே அண்ணனின் மனைவி. குள்ளம். சிரித்தால் மேல் ஈறு தெரியும். அதைக் கையால் மூடிக்கொண்டே சிரிப்பார். பாட வராது. ஆட வராது. கோலம்கூடக் கோணலாகத்தான் போடுவார். ஆனால் பார்ப்பார். மதினியைப் போலப் பார்க்கிற ஒரு ஆளை நான் கண்டதே இல்லை.

ரோட்டில் யாராவது வித்தை காட்டினால், பாட்டுப் பாடினால், குட்டிக்கரணம் அடித்தால் மதினியின் கால் நின்றுவிடும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். முடிகிற வரைக்கும் நிற்பார். முடிந்ததும் எல்லாரும் காசைப் போட்டோ போடாமலோ கலைந்து போவார்கள் அல்லவா, அப்போதுதான் மதினி பக்கத்தில் போவார். கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"சாப்டீங்களா?"

அதைக் கேட்காமல் ஒரு இடத்தை விட்டும் வரமாட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்காமல் திரும்பினார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் வருவான். சைக்கிள் ரிம்முக்குள் தலையை விட்டு, தோளை விட்டு, முழு உடம்பையும் நுழைத்து வெளியே வருவான். நாங்கள் சாமான் வாங்கிக்கொண்டு பசறை பஸ்ஸுக்கு ஓடும்போதுதான் அவன் ஆரம்பிப்பான். ஒருநாள் பஸ் புறப்பட்டுவிட்டது. அண்ணன் ஃபுட்போர்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு கத்துகிறான்.

"ஏய், பஸ்ஸு போவுதுடி! வாறியா இல்லியா?"

"நீங்க போங்க. நான் அடுத்த பஸ்ஸுல வாறேன்."

"கெழங்கு மூட்டை ஒங்கிட்டதானடி இருக்கு!"

"இருக்கட்டும். அவன் இன்னும் பாதி உள்ள இருக்கான். எப்பிடி விட்டுட்டு வாறது?"

கண்டக்டர், டிரைவர், உள்ளே இருந்த சனம் எல்லாம் சிரித்தது. அண்ணன் இறங்கி வந்தான். அந்த ஆள் முழுசாக வெளியே வந்த பிறகு மதினி தன் பையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை நீட்டி, "சாப்டீங்களா?" என்றார். ரிம்மைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முழித்த முழி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பத்து வருசமாக அந்த ஸ்டாண்டில் நிற்கிறானாம், யாரும் அதைக் கேட்டதில்லையாம்.

இந்தப் பழக்கம் மதினிக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துப் போடுவார்கள். ரதி, மன்மதன் வேசம் கட்டியவர்கள் தப்பு அடித்துக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக வருவார்கள். வாசலுக்கு வந்தால் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அவர்கள் காலைக் கழுவிக் கும்பிட வேண்டும். பெற்ற மகனே வேசம் கட்டியிருந்தாலும் தாய் குனிந்து கழுவுவாள். வேசத்தில் இருக்கும்போது அவரிடம் ஊர்க்கதை பேசக்கூடாது. வேசம் கலைத்த பிறகுதான் அவர் மனுசர். அப்போது தேத்தண்ணி கொடுக்கலாம், சாப்பிட்டாயா என்று கேட்கலாம்.

ரதி வேசம் கட்டுகிறவர் வேறு யாருமில்லை, எங்கள் மலையில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளைதான். ஒரு வருசம் கூத்துக்கு முதல்நாள் அவருக்கும் மதினிக்கும் மலையில் பெரிய சண்டை. ஈரக் கொழுந்து என்று சொல்லி மதினியின் நிறையில் கழித்துவிட்டார். "ஒங்க கை வெளங்காமப் போவ" என்று மதினி மண்ணை அள்ளித் தூற்றிவிட்டு வந்தார். அடுத்த நாள் பகலில் அதே ஆள் சிவப்புச் சீலை, சவுரி முடி, வாயில் சாயத்தோடு எங்கள் வாசலில் வந்து நிற்கிறார். மதினி செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குனிந்தார், காலைக் கழுவினார், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அண்ணன் பின்னால் நின்று முணுமுணுத்தான். "நேத்துதான் மண்ண வாரித் தூத்துன. இன்னிக்குக் காலக் கழுவுற. ஒனக்கே வெக்கமா இல்லியா?"

"அது கணக்கப்புள்ள. இது ரதி. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

கூத்து முடிந்து அவர் சாயத்தைத் துடைத்துவிட்டுப் போகும்போது, "சாப்டீங்களா கணக்கப்புள்ள?" என்று மதினிதான் முதலில் கேட்டார். மறுநாள் மலையில் தராசுக்கு முன்னால் போய் நின்றார்.

"கணக்கப்புள்ள, முந்தாநாளு நான் தூத்துன மண்ணு அப்பிடியேதான் இருக்கு. இன்னிக்காவது ஒழுங்கா நிறுங்க."

கொழுந்துக்காரப் பொம்பளைகள் எல்லாம் கூடையோடு ஆடி ஆடிச் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு இலையும் கழிக்கவில்லை.

போன வருசம் மதினிக்கு வயிற்றுக்குள் கட்டி என்றார்கள். பதுளையில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். நான் கொழும்பில் உடுப்புக்கடையில் வேலை செய்கிறேன், நான்கைந்து பிள்ளைகளோடு ஒரு அறையில் இருக்கிறேன். அண்ணன் மதினியைக் கோச்சியில் கூட்டிக்கொண்டு வந்தான். நான் கோட்டை ஸ்டேஷனில் காத்திருந்தேன். வருத்தக்காரி வருகிறார், தாங்கிப் பிடித்து இறக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இறங்கினதும் மதினி சொன்ன முதல் கதை, கோச்சியில் கண் தெரியாத ஒருவர் ரபான் மேளத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு வந்தாராம்.

"சிங்களப் பாட்டு பாப்பா. ஒண்ணும் வெளங்கல. ஆனா அழுவ வந்துச்சு."

"அந்தப் பாட்டு முடியிற வரைக்கும் பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர வடை திங்க விடல இவ," என்றான் அண்ணன். "சத்தமா மெல்லாதீங்கன்னு சொல்லிட்டா. அந்தாளு வடைய வாயில வச்சிக்கிட்டே ரெண்டு ஸ்டேஷன் வந்தாரு."

கிளினிக் மத்தியானத்தோடு முடிந்தது. பெரிய டாக்டர் அண்ணனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மதினிக்கும் விளங்கியிருக்கும். பதுளைக் கோச்சி இருட்டிய பிறகுதான். என் அறைக்குப் போய்க் கொஞ்சம் படுக்கலாம் என்றேன்.

"படுக்கிறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்? லயத்துலயே படுத்திருப்பேனே. ஊரைக் காட்டு பாப்பா."

காட்டினேன். உயரமான கோபுரத்தைக் கீழே இருந்து பார்த்தார். தானாக ஏறும் படியில் ஒருதரம் ஏறி, பயந்து, என் கையை நசுக்கிவிட்டார். பிறகு காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதினி கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்லாப் பார்ப்பார், காலை நனைப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் எங்கேயோ மகுடிச் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டார்.

"மதினி, கடலப் பாருங்க!"

"கடல் எங்கயும் போயிறாது பாப்பா. அந்தாளு போயிருவான்."

பாம்பாட்டியிடம் மட்டும் மதினிக்கு மனசு ஒட்டவில்லை. "பாம்பு தானா வந்து வேசம் கட்டலியே. புடிச்சில்ல கட்டி விட்டிருக்காங்க" என்றார். ஆனாலும் முடிகிற வரைக்கும் நின்றார். கடைசியில் அவனிடம், "நீங்க சாப்டீங்களா? பாம்பு சாப்டுச்சா?" என்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். பாம்புக்கு வயிறு நிறைந்திருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்றான் அவன். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் அப்படிச் சிரித்ததைக் கடைசியாகப் பார்த்தேன்.

கொஞ்சம் தள்ளி அவன் நின்றான்.

ஒரு மரப்பெட்டிக்கு மேலே. தொப்பி, கோட்டு, கையில் விரித்த குடை, முகம், கழுத்து, காது எல்லாம் வெள்ளிச் சாயம். செருப்பில்லாத காலிலும் வெள்ளி. கண்கூடச் சிமிட்டவில்லை. சனம் பக்கத்தில் போய் நின்று ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு இளவட்டம் அவன் முகத்தில் ஊதிப் பார்த்தான். இன்னொருவன் குடைக்குள் புகுந்து நின்று இளித்தான். அவன் அசையவில்லை.

மதினி செருப்பைக் கழற்றினார்.

"பாப்பா, இது யாரு வேசம்?"

"யாரும் இல்ல மதினி. சும்மா செலை மாதிரி நிக்கிறாரு."

"சும்மா யாராச்சும் இப்பிடி நிப்பாங்களா? தண்ணி போத்தலக் குடு."

குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். மதினி நேராக அவனிடம் போனார். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினார். எங்கள் லயத்து வாசலில் செய்கிற மாதிரியே போத்தல் தண்ணீரை அவன் காலில் ஊற்றிக் கையால் கழுவினார்.

சனம் சிரித்தது. "அக்கா, தண்ணி ஊத்தினா அது வளராது" என்று ஒருவன் சிங்களத்தில் கத்தினான். நாலைந்து பேர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்கள். அண்ணன் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எனக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. வெள்ளி கரைந்து ஓடியது. உள்ளே இருந்து ஒரு சாதாரணக் கால் வந்தது. கறுப்பு. குதிகால் வெடித்து, எங்கள் மலையில் நடக்கிறவர்களின் காலைப் போலவே இருந்தது. மதினி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். சிரிப்புச் சத்தம் குறைந்துபோனது. ஃபோனைக் கீழே இறக்கினார்கள் ஒரு சிலர்.

மதினி எழுந்து பின்னால் வந்து நின்றவர், திடீரென்று என் தோளைப் பிடித்தார்.

"பாத்தியா! கட்டவெரலு அசஞ்சிச்சு!"

"எங்க?"

"வலது காலு. இப்பத்தான். நான் கும்புட்டப்ப."

"ஈ ஒக்காந்திருக்கும்," என்றான் அண்ணன்.

"ஈக்கும் வெரலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

அதற்குப் பிறகு மதினி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவன் இறங்க வேண்டும். வேசம் கலைக்க வேண்டும். சாப்பிட்டானா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. நிற்க முடியாமல் புல்லில் உட்கார்ந்தார். வலி வரும்போது உதட்டைக் கடித்தார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. சூரியன் கடலுக்குள் போனது. அவன் இறங்கவில்லை. அண்ணன் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வாடி. கோச்சிய விட்டா ஒன்ன எங்க படுக்க வைக்கிறது? ஒனக்கு ஏலாது."

மதினி எழுந்தார். கோயிலிலிருந்து வருகிற மாதிரி, அவன் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தே ரோட்டுக்கு வந்தார். ஓட்டோவில் ஏறிய பிறகு என்னிடம் சொன்னார். "கேக்காம வந்துட்டேனே பாப்பா."

ஊருக்குப் போன பிறகு மதினி ஃபோன் எடுக்கும்போதெல்லாம் இதே பேச்சுத்தான். அந்த வெள்ளிக்காரனைப் பார்த்தாயா, இறங்கினானா, கேட்டாயா? லீவு கிடைத்த ஒரு பௌர்ணமிப் போயா நாள் போனேன். அவன் வரவில்லை. சொன்னேன். "பரவால்ல. அடுத்த கிளினிக்குக்கு வாறப்ப வெள்ளனவே போயி ஒக்காந்துருவோம். எறங்குற வரைக்கும் இருப்போம்" என்றார்.

அடுத்த கிளினிக்குக்கு அவரால் வர முடியவில்லை. நான்தான் கடையில் சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். மதினி பாயோடு பாயாகக் கிடந்தார். பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்து கஞ்சியை ஊதிக்கொண்டிருந்தான். அவன் ஒரு கரண்டி கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"சரிடி, ஒத்துக்கிறேன். அவன் கட்டவெரலு அசஞ்சிச்சு. நானும் பாத்தேன்."

மதினி அவனை உற்றுப் பார்த்தார். "எந்தக் காலு?"

"எடது."

"பொய். நீங்க கடலப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அந்த நிலையிலும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மாசி பிறப்பதற்கு முன்னால் மதினி போய்விட்டார். அடக்கத்தன்று பிடித்த மழை விடவில்லை. தப்பு நனைந்து சத்தமே வரவில்லை. குழி மூடுவதற்குள் பாதிச் சனம் லயத்துக்கு ஓடிவிட்டது. கணக்கப்பிள்ளை மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி மண் விழுகிற வரைக்கும் தேயிலைக்குள் நனைந்தபடி நின்றார். நான் அதைப் பார்த்தேன்.

கருமாதி முடிந்து கொழும்புக்கு வந்த முதல் லீவு நாளில் இரண்டு சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை அவன் இருந்தான். அதே பெட்டி, அதே குடை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மதினி மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலோரம் விளக்கு எரிந்த பிறகு அவன் குடையை மடக்கினான். முழங்கால் மடங்காமல் ஒரு காலை இறக்கினான், பிறகு மற்றதை. பெட்டியில் உட்கார்ந்து கெண்டைக்காலைத் தேய்த்தான். வெள்ளிக்குள் இருந்தது என் அண்ணன் வயதுள்ள ஒரு ஆள்.

பக்கத்தில் போனேன். சிங்களத்தில்தான் பேசினோம்.

"ஒருநாள் ஒரு அக்கா உங்கள் காலில் தண்ணீர் ஊற்றினாரே..."

அவன் முதலில் தன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அந்த அக்காவா? எங்கே அவர்?"

வாயில் வேறுதான் வந்தது. "அன்றைக்கு உங்கள் கட்டைவிரல் அசைந்தது என்றார். யாரும் நம்பவில்லை."

"வலது கால்," என்றான். "இந்தப் பெட்டியில் ஏறிய நாளிலிருந்து நான் அசைந்தது அது ஒரு தடவைதான் தங்கச்சி. ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றினதும் கேலி பண்ணுகிறார் என்றுதான் எண்ணினேன். கேலிக்கு நான் அசையமாட்டேன், பழகிவிட்டது. அவர் கும்பிட்டதும் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. அவரிடம் சொல்லுங்கள், அவர் கண்டது சரி என்று."

மதினி போய்விட்டார் என்று அப்போதுதான் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

பிறகு கேட்டேன். அதற்காகத்தானே போனேன்.

"சாப்பிட்டீர்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். போத்தல் தண்ணீரில் கையைக் கழுவினான். விரலெல்லாம் மனுச விரல் ஆனது. பார்சலைப் பிரித்தோம்.

திரும்பி வரும்போது அண்ணனுக்கு ஃபோன் எடுத்தேன். "அண்ணே, அசஞ்சிச்சாம். அந்தாளே சொன்னாரு."

"எந்தக் காலாம்?"

"வலது."

"ஆமா," என்றான். "வலதுன்னுதான் அவ சொன்னா."

இதைப் படிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கோயிலுக்குப் போகிறவரோ, பள்ளிவாசலுக்குப் போகிறவரோ, சர்ச்சுக்கோ, புத்தர் இருக்கும் பன்சலைக்கோ, எங்கே கும்பிட்டாலும் எங்கள் மதினிக்காக ஒரு தரம் கும்பிடுங்கள். அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் யாராவது அவரைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும் என்று கேட்டுக் கும்பிடுங்கள். ஒன்று மட்டும். ஆரம்பித்தால் முடிக்கிற வரைக்கும் இருங்கள். பாதியில் எழுந்து போவது மதினிக்குப் பிடிக்காது.